பச்சைக் கோடு ஆடுது, சத்தம் வரலை: ஓஎஸ் போட்ட பின் ஒலி இழந்த ஒரு லேப்டாப்

வந்த புகார்

அக்கா மகள் போனில் அழைத்தபோது அவளுடைய லேப்டாப்பில் மூன்றாவது முறையாக விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். பத்தாம் தலைமுறை இன்டெல் பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டிருக்கிறாள். அது சரியான முடிவு. இன்னொருவர் பயன்படுத்திய கணினியில் அவருடைய கணக்கு இருக்கும், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் இருக்கும், அவருக்கே தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்தவையும் இருக்கலாம். துடைத்துவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது.

"சித்தி, ஓஎஸ் போட்டதும் சத்தமே போச்சு. வாங்கும்போது நல்லா கேட்டுச்சு. நாலு நாள்ல எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ இருக்கு."

திரையின் கீழே ஸ்பீக்கர் படத்தின் மேல் சின்னப் பெருக்கல் குறி. அதன் மேல் மவுஸை வைத்தால், ஒலி வெளிவரும் கருவி எதுவுமே இல்லை என்று எழுத்து வருகிறது. என்னிடம் வருவதற்கு முன் அவள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டிருந்தாள். ரியல்டெக் நிறுவனத்தின் ஆடியோ டிரைவரை, அதாவது ஒலிச் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, தேடி இறக்கி இன்ஸ்டால் செய்தாள். 'வெற்றிகரமாக முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று வந்தது; ரீஸ்டார்ட் செய்தாள்; ஒன்றும் மாறவில்லை. அதே டிரைவரின் இன்னொரு பதிப்பைப் போட்டாள். பிறகு எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடுவதாகச் சொல்லும் ஒரு இலவச மென்பொருளைப் போட்டாள். அதுவும் ஏதேதோ நிறுவியது, சத்தம் மட்டும் வரவில்லை. அப்புறம்தான் மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் விண்டோஸ்.

அவள் சொன்ன முதல் மூன்று வாக்கியங்களில் ஒன்று அரைகுறை உண்மை. எது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதனால்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுதுகிறேன். இதே நிலையில் மாட்டிக்கொண்டு டிரைவருக்கு மேல் டிரைவராகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒலி போகும் வழி

லேப்டாப்பில் ஒரு பாட்டு ஸ்பீக்கரை அடைவதற்குள் பல கைகள் மாறுகிறது. முதலில் விண்டோஸின் ஆடியோ சேவை. அங்கிருந்து மதர்போர்டில் உள்ள ஆடியோ கன்ட்ரோலர். இது தனிச் சிப் அல்ல, பிராசசரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்செட்டின் ஒரு பகுதி. கன்ட்ரோலரிலிருந்து கோடெக் என்ற சிறிய தனிச் சிப்புக்கு எண்களாகப் போகிறது. கோடெக் அந்த எண்களை மின் அலையாக மாற்றுகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது. அந்த ஆம்ப்ளிஃபயர் சில லேப்டாப்களில் கோடெக்கின் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் வெளியே தனியாக இருக்கும். கடைசியாக, முடி போன்ற ஒயர்கள் வழியே ஸ்பீக்கர். இயர்போன் ஜாக்குக்கும் அதே கோடெக்கிலிருந்துதான் பிரிந்து போகிறது.

கன்ட்ரோலரும் கோடெக்கும் பேசிக்கொள்ளும் முறையை 2004-ல் இன்டெல் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ' என்ற பெயரில் வகுத்தது. அதற்கு முன் 1997-ல் வந்த ஏசி 97 என்ற முறை இருந்தது. ஹை டெஃபனிஷன் ஆடியோ பொதுவான முறை என்பதால், விண்டோஸிடமே அதற்கு ஒரு பொது டிரைவர் இருக்கிறது. பல ஆண்டுகளாக விண்டோஸை ஏற்றியதும் டிரைவர் எதுவும் போடாமலே சத்தம் வந்ததற்கு அதுதான் காரணம். "முன்னெல்லாம் தானா வருமே" என்று பலரும் சொல்வது உண்மைதான்.

புதிய லேப்டாப்கள் பலவற்றில் நிலைமை மாறிவிட்டது. சிப்செட்டின் உள்ளேயே ஒலிக்கென்று ஒரு சிறு செயலி இருக்கிறது. இன்டெல் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி'. லேப்டாப் தயாரிப்பாளர் அதை இயக்கி வைத்திருந்தால், கன்ட்ரோலர் தன்னைப் பழைய வகைக் கருவியாகக் காட்டிக்கொள்ளாது. விண்டோஸின் பொது டிரைவருக்கு அதை அடையாளம் தெரியாது. அப்போது அந்தச் செயலிக்கான டிரைவர் முதலில் வந்தாக வேண்டும். அது வராதவரை அதற்குப் பின்னால் நிற்கும் கோடெக் விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது. அக்கா மகள் போட்ட ரியல்டெக் டிரைவர்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இன்ஸ்டால் ஆகியிருந்தன. ஒட்டிக்கொள்ளக் கருவிதான் இல்லை. வாசல் கதவு பூட்டியிருக்கும்போது உள் அறைச் சாவியை எத்தனை முறை மாற்றினால் என்ன?

முதல் பழுது

போனிலேயே தொடங்கினோம். முதலில் அவளிடம் இருந்த யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகச் சொன்னேன். உடனே சத்தம் வந்தது. "சித்தி, வந்துடுச்சு!" என்று அவள் கத்தியபோது எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் பழுது தீரவில்லை. யுஎஸ்பி ஹெட்செட்டுக்கு உள்ளேயே ஒலியை மாற்றும் சிப் இருக்கிறது. அது மதர்போர்டின் கோடெக்கைத் தொடுவதே இல்லை. ஆகவே இந்த ஒரு சோதனையில் விண்டோஸின் ஆடியோ சேவை நன்றாக இருக்கிறது என்று உறுதியானது. சர்வீஸ் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் வேலை மிச்சம்.

அடுத்த கேள்வி மைக் பற்றியது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் உள் மைக்கில் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். மைக்கே இல்லை என்றது விண்டோஸ். இது நல்ல தடயம். ஸ்பீக்கர், இயர்போன், மைக் மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது. மூன்றும் ஒன்றாகக் காணோம் என்றால், அவை மூன்றுக்கும் பொதுவாக முன்னால் நிற்கும் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை.

லேப்டாப்பில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 'மற்ற கருவிகள்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்'. அதன் பண்புகளில் பிழை எண்ணாக 'கோடு 28' என்று இருந்தது. இந்தக் கருவிக்கு டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை என்று பொருள். கோடு 10 என்றிருந்தால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கருவி தொடங்கவில்லை. கோடு 22 என்றால் யாரோ கருவியை முடக்கி வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்க்காமல் டிரைவர் தேடக் கிளம்புவதுதான் பெரும்பாலான அலைச்சலுக்குக் காரணம்.

அதே பண்புகள் சாளரத்தில் 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போய், கீழ்விரி பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடி'யைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வந்த வரியில் இரண்டு எண்கள் முக்கியம். தயாரிப்பாளர் எண் 8086, அது இன்டெல்லுடையது. கருவி எண் 02சி8, பத்தாம் தலைமுறை மடிக்கணினிச் சிப்செட்டின் ஆடியோ பகுதி. வரிசையின் கடைசி வரிகளில் வகை எண் 0401 என்று இருந்தது. பழைய ஹை டெஃபனிஷன் ஆடியோ முறையில் நிற்கும் கன்ட்ரோலர் 0403 என்று காட்டும். 0401-ஐப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. காணாமல் போனது ரியல்டெக் டிரைவர் அல்ல. அதற்கு முன் வர வேண்டிய ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர்.

சரி, விண்டோஸ் அப்டேட் அதைத் தானாகக் கொண்டு வந்திருக்க வேண்டுமே? பெரும்பாலும் கொண்டு வரும். அவள் இணையத்துக்குத் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தியிருந்தாள். டேட்டா தீர்ந்துவிடக் கூடாதென்று அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்தும் வைத்திருந்தாள். அப்படிக் குறித்த இணைப்பில், நாம் தனியாக அனுமதி கொடுத்தாலன்றி விண்டோஸ் டிரைவர்களை இறக்காது. மூன்று முறை ஓஎஸ் போட்டபோதும் அவள் அதே பழக்கத்தில் முதல் வேலையாக அந்தக் குறியை வைத்திருக்கிறாள். மூன்று முறையும் அதே முடிவுதான் வந்தது.

மீட்டர்டு குறியை எடுத்துவிட்டால் விண்டோஸ் அப்டேட்டே கொண்டு வந்துவிடும் என்று விட்டிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. கோடெக் சிப்பில் பல கால்கள் உண்டு. எந்தக் கால் ஸ்பீக்கருக்கு, எது ஜாக்குக்கு, வெளி ஆம்ப்ளிஃபயரை எழுப்ப எது என்பதெல்லாம் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். அந்த விவரங்களை அறிந்து ஒட்டுவது தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று வெளியிட்ட டிரைவர். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்தால் அந்த மாடலுக்குரியவை மட்டும் வரும். செகண்ட் ஹேண்டில் ஒரு எச்சரிக்கை: அடி மூடியை மாற்றியிருந்தால் ஒட்டியிருக்கும் எண் வேறு லேப்டாப்புடையதாக இருக்கும். ஓஎஸ் தொடங்கும் முன் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் திரையில் காட்டும் எண்ணும் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்றாகவே இருந்தது.

பிறகு சுத்தம் செய்யும் வேலை. அந்த இலவச மென்பொருளையும் அவள் போட்ட இரண்டு ரியல்டெக் டிரைவர்களையும் நீக்கச் சொன்னேன். அந்த நேரத்தில் மூன்றாவது விண்டோஸ் புதிதாக ஏறியிருந்ததால் நீக்க ஒன்றுமே இல்லை என்றாள். அது நல்லதாகப் போயிற்று. முதலில் சிப்செட் டிரைவர், ரீஸ்டார்ட். அடுத்து தயாரிப்பாளர் தந்த ஆடியோ தொகுப்பு. அதற்குள்ளேயே ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரும் ரியல்டெக் டிரைவரும் வரிசையாக வந்தன. மறுபடி ரீஸ்டார்ட். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. இப்போது கோடெக் தெரிந்தது, தயாரிப்பாளர் எண் 10இசி, அதாவது ரியல்டெக். அதுவரை அந்தச் சிப் அங்கே இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது.

மைக் வேலை செய்தது. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பச்சைக் கோடு

"சித்தி, பச்சைக் கோடு ஆடுது, சத்தம் மட்டும் வரலை."

ஒலி அமைப்புகள் சாளரத்தில் பாட்டு ஓடும்போது மேலும் கீழும் துள்ளும் அளவுகோலைச் சொல்கிறாள். அது துள்ளுகிறது என்றால் விண்டோஸ் தன் பங்குக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. தேர்வாகியிருக்கும் கருவி எது என்று கேட்டேன். எச்டிஎம்ஐ வழியே டிவிக்குப் போகும் ஒலிதான் தேர்வாகியிருந்தால் லேப்டாப் வாய் திறக்காது. அது அடிக்கடி நடக்கும். இல்லை, 'ஸ்பீக்கர்ஸ், ரியல்டெக்' என்றே இருந்தது. கீபோர்டில் மியூட் விளக்கு எரியவில்லை. இயர்போனைச் செருகினாள். தெளிவாகக் கேட்டது. கழற்றினாள். அமைதி.

இந்த இடத்தில் பலரும் மறுபடி டிரைவரை மாற்றத் தொடங்குவார்கள். எனக்கும் கை அங்கேதான் போனது. இது வெளி ஆம்ப்ளிஃபயர் உள்ள மாடலாக இருந்து, அதை எழுப்பும் கட்டளை டிரைவரிலிருந்து போகாமல் இருக்கலாமோ என்று நினைத்தேன். இயர்போனில் சத்தம், ஸ்பீக்கரில் இல்லை என்ற அறிகுறி அதற்கும் பொருந்தும். தயாரிப்பாளர் தளத்தில் இருந்த பழைய ஆடியோ தொகுப்பு ஒன்றையும் போட்டுப் பார்த்தோம். ஒரு மாலை நேரம் அதிலேயே போயிற்று.

அப்புறம்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "வாங்கும்போது சத்தம் நல்லா கேட்டுச்சுன்னு சொன்னியே, எதுல கேட்ட?"

"என் இயர்போன்ல சித்தி. அங்க ஒரே இரைச்சலா இருந்துச்சு, அதான் போட்டுக் கேட்டேன்."

அந்த லேப்டாப்பின் ஸ்பீக்கரை அவள் ஒருமுறை கூடக் கேட்டதில்லை. ஓஎஸ் மாற்றிய பிறகுதான் ஸ்பீக்கர் போனது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. 'பிறகு' என்பதை 'அதனால்' என்று நாங்கள் இருவருமே எடுத்துக்கொண்டிருந்தோம். முதல் பழுது உண்மையிலேயே ஓஎஸ் மாற்றியதால் வந்தது. அதனால் இரண்டாவதும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது.

இனி விண்டோஸைத் தொடாமல் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள், இரண்டையும் செய்தோம். முதலாவது, உபுண்டு லினக்ஸ் என்ற வேறொரு ஓஎஸைப் பென் டிரைவில் ஏற்றி, எஸ்எஸ்டியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குவது. லினக்ஸின் டிரைவர்கள் முற்றிலும் வேறு. அங்கேயும் இதேபோல் ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லை என்றால், தவறு விண்டோஸ் டிரைவரில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதே கதைதான்: இயர்போனில் சத்தம், ஸ்பீக்கரில் அமைதி. இயர்போனைச் செருகும்போதும் கழற்றும்போதும் திரையில் கருவியின் பெயர் 'ஹெட்போன்ஸ்', 'ஸ்பீக்கர்ஸ்' என்று ஒழுங்காக மாறியது. ஜாக்கின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு, இயர்போன் இன்னும் செருகியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்குமோ என்ற சந்தேகமும் இதோடு தீர்ந்தது.

இரண்டாவது வழி இன்னும் நேரானது. பல லேப்டாப்களில் தயாரிப்பாளரே ஒரு சோதனை நிரலைப் பயாஸோடு சேர்த்து வைத்திருப்பார். ஆன் செய்ததும் குறிப்பிட்ட விசையை அழுத்தினால் எந்த ஓஎஸும் தொடங்கும் முன் அது ஓடும். இதில் ஸ்பீக்கர் சோதனை இருந்தது. 'ஒலி கேட்டதா?' என்று திரை கேட்டது. கேட்கவில்லை. பயாஸ் அமைப்புகளில் உள் ஸ்பீக்கரை அணைக்கும் தெரிவு இருக்கிறதா என்றும் பார்த்தோம். முந்தைய உரிமையாளர் அலுவலகத்தில் பயன்படுத்தியிருந்தால் அதை அணைத்து வைத்திருக்கக்கூடும். தெரிவு இருந்தது, இயங்கும் நிலையிலேயே இருந்தது.

மிச்சம் இருந்தது வன்பொருள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மூடியைத் திறந்தபோது

அடி மூடியில் பத்து ஸ்குரூக்கள். எல்லாம் ஒரே நீளமில்லை. நீளமான ஸ்குரூவைக் குட்டையானது இருந்த இடத்தில் முறுக்கினால் மேல்புறம் வரை குத்திவிடும். அதனால் ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்குரூவையும் அதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். இரண்டு ஸ்குரூக்களின் தலையில் ஏற்கெனவே தேய்மானம். இதற்கு முன் யாரோ திறந்திருக்கிறார்கள்.

மூடியை பிளாஸ்டிக் அட்டையால் நெம்பிப் பிரித்ததும் முதலில் செய்தது பேட்டரியின் கனெக்டரைக் கழற்றியதுதான். அணைத்து வைத்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை போர்டில் மின்சாரம் இருக்கும். ஸ்குரூடிரைவர் ஒரு நொடி வழுக்கினால் போதும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. அதன் ஸ்டிக்கரில் இருந்த தயாரிப்புத் தேதி மற்ற பாகங்களின் தேதியை விட இரண்டு வருடம் பிந்தியது. பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த மாதிரி மெல்லிய லேப்டாப்களில் இரண்டு ஸ்பீக்கர்கள் முன்பக்க ஓரங்களில் இடதும் வலதுமாக இருக்கும். வலது ஸ்பீக்கரின் ஒயர், பேட்டரியின் விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு சிறு பள்ளத்தின் வழியே இடது பக்கம் வந்து, இரண்டின் ஒயர்களும் நான்கு ஊசி கொண்ட ஒரே கனெக்டரில் முடியும். அந்தக் கனெக்டர் அதன் கூட்டை விட்டு வெளியே, கறுப்பு டேப்பின் கீழ் படுத்திருந்தது. பேட்டரி மாற்றியவர் கழற்றியிருக்கிறார், திரும்பச் செருகவில்லை.

செருகிவிட்டு மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இதில் ஏற்கெனவே ஒரு காரணத்துக்குப் பின்னால் இன்னொரு காரணம் ஒளிந்திருந்தது. அதனால் மல்டிமீட்டரை எடுத்தேன். லேப்டாப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம் அல்லது 8 ஓம். மீட்டரை ஓம் அளவில் வைத்து, இடது ஸ்பீக்கரின் இரண்டு ஊசிகளில் முனைகளை வைத்தேன்.

டிக்.

மீட்டர் தரும் சொற்ப மின்னோட்டத்தில் ஸ்பீக்கரின் சவ்வு ஒரு துளி நகரும்போது எழும் ஒலி அது. அக்கா மகள் குனிந்து காதை வைத்தாள். நான் முனையை எடுத்து மறுபடி வைத்தேன். டிக். அந்த லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து அவள் கேட்ட முதல் சத்தம். மீட்டரில் 3.9 ஓம். இடது நன்றாக இருக்கிறது.

வலது பக்கத்தில் டிக் வரவில்லை. மீட்டர் எந்த எண்ணும் காட்டாமல் திறந்த சுற்று என்றது, அதாவது எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. ஸ்பீக்கரே போயிற்றா, ஒயர் போயிற்றா? ஸ்பீக்கரை வெளியே எடுத்து, ஒயர் ஸ்பீக்கரோடு சேரும் இடத்திலேயே முனைகளை வைத்தேன். டிக், 3.8 ஓம். அப்படியானால் நடுவில் ஒயர்தான். விரல் நுனியால் ஒயரைத் தடவிக்கொண்டே வந்தேன். பேட்டரியின் மூலை உட்காரும் இடத்தில் ஒயர் பள்ளத்தை விட்டு வெளியேறி, பேட்டரிக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கியிருந்தது. மேலுறை பார்க்க முழுதாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் மடக்கினால் மட்டும் கூழ் போல வளைந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

ஸ்பீக்கரைப் பேட்டரியிலிருந்து தள்ளி வேறு மேசைக்குக் கொண்டுபோய்தான் சூடு வைத்தேன். லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்னைக் கொண்டுபோவதே கூடாது. நசுங்கிய இடத்தை வெட்டி, இரு முனைகளிலும் உறையைச் சீவி, முதலில் சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒரு பக்கத்தில் நுழைத்துக்கொண்டு, பிறகு ஈயம் வைத்து இணைத்தேன். இந்த வரிசை மாறினால் குழாயை நுழைக்க வழியில்லாமல் இணைப்பை மறுபடி பிரிக்க வேண்டி வரும். கனெக்டரில் அளந்தேன்: 3.9. ஒயரைப் பள்ளத்துக்குள் முழுதாக அமர்த்தி, கனெக்டரைச் செருகி, கடைசியாகப் பேட்டரியை இணைத்து மூடினேன்.

விண்டோஸுக்குப் போகும் முன் பயாஸ் சோதனையை ஓட்டினோம். ஏறி இறங்கும் டோன்கள், இடமும் வலமும். அவள் கைதட்டினாள். நானும் சில நொடிகள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு பார்த்தவை

விண்டோஸில் இடது, வலது இரண்டையும் தனித்தனியே ஒலிக்கவிட்டுப் பார்த்தோம். லேப்டாப்பை உறங்கவிட்டு எழுப்பினோம். ஸ்மார்ட் சவுண்ட் உள்ள லேப்டாப்களில் உறக்கத்திலிருந்து எழும்போது ஒலி தொலைவது உண்டு, அதனால் இதை ஐந்து முறை செய்தோம். எச்டிஎம்ஐ வழியாகவும் சரியாக வந்தது. மீட்டர்டு குறியை எடுத்து, நிலுவையில் இருந்த விண்டோஸ் அப்டேட்டுகள் எல்லாவற்றையும் வீட்டு வைஃபையில் இறங்கவிட்டு, மறுபடி சோதித்தோம். அப்டேட் ஆடியோ டிரைவரை வேறு பதிப்புக்கு மாற்றவில்லை.

நிறுவிய டிரைவர்கள் அனைத்தையும் ஒரு கோப்புறையாக வெளியே எடுத்துப் பென் டிரைவில் வைத்தேன். விண்டோஸோடு வரும் பிஎன்பியூடில் என்ற கட்டளைக் கருவி இதைச் செய்கிறது. பழைய லேப்டாப்பை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் முதல் பழுது பத்து நிமிட வேலையாக முடிந்திருக்கும். முந்தைய உரிமையாளரின் கோப்புகள் நமக்கு வேண்டாம், ஆனால் அவருடைய விண்டோஸில் வேலை செய்துகொண்டிருந்த டிரைவர்கள் வேண்டும்.

இதே அறிகுறி, வேறு இடம்

இந்த நிகழ்வில் காரணம் ஒயராக இருந்தது. இயர்போனில் வந்து ஸ்பீக்கரில் வராத எல்லா லேப்டாப்பையும் திறக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்மை வருடங்களின் மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் சிப் இருக்கிறது. சிர்ரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41 அதில் ஒன்று. அதற்குத் தனி டிரைவரும், அந்த மாடலின் ஸ்பீக்கருக்கேற்ற அளவுகள் அடங்கிய கோப்பும் வேண்டும். அவை இல்லாவிட்டால் இயர்போன் பேசும், ஸ்பீக்கர் பேசாது. லினக்ஸிலும் அதேபோல்தான் நடக்கலாம். அந்த லேப்டாப்பில் பென் டிரைவ் சோதனை நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடும். பயாஸோடு வரும் சோதனையில் ஒலி வருகிறதா என்பதுதான் அங்கே நம்பக்கூடிய சாட்சி. அதில் வந்தால் ஸ்பீக்கரும் ஒயரும் நலம், டிரைவரைத் தேடலாம்.

லினக்ஸை நிரந்தரமாகப் போடுபவர்களுக்கு முதல் பழுது வேறு முகத்தோடு வரும். ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் இருக்கும். ஸ்மார்ட் சவுண்ட் வகைக் கன்ட்ரோலருக்கு அங்கே 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பு வேண்டும். 2018-ல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. லினக்ஸின் ஒரு வகையான டெபியனில், 12-க்கு முந்தைய பதிப்புகளின் வழக்கமான நிறுவல் வட்டில் இப்படிப்பட்ட ஃபர்ம்வேர்கள் (சிப்பின் உள்ளே ஓடும் நிரல்கள்) சேர்ந்து வராது, தனியாகப் போட வேண்டும். தொகுப்பு இருந்தும் ஒலி வராவிட்டால் டெர்மினலில் ஒலியளவுகளைத் தூண்களாகக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள். ஒரு தூணின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. அந்தத் தூணுக்குப் போய் எம் விசையை அழுத்தினால் திறந்துவிடும்.

இன்டர்வியூவுக்கு முந்தைய இரவு அந்த லேப்டாப்பிலிருந்தே எனக்கு வீடியோ அழைப்பு வந்தது. இயர்போன் போடாமல் பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. ஒன்று மட்டும் மிச்சம்: ஒலியளவை எண்பதுக்கு மேல் ஏற்றினால் வலது ஸ்பீக்கரில் லேசாக ஒரு அதிர்வு கேட்கிறது. ஒயர் இழுபட்டபோது சவ்வின் ஓரத்திலும் ஏதோ ஆகியிருக்க வேண்டும். எழுபதுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்த மாடலுக்குரிய ஸ்பீக்கர் ஜோடியாகத்தான் கிடைக்கிறது. கிடைத்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.